பள்ளி வாசல் வரை வந்து திரும்பும் பிள்ளை

வாசகர் கேள்வி – மனநல ஆலோசகர்கள் பதில்

என் மகன் ஏழாம் வகுப்பு. லேசாகத் திக்கிப் பேசுவான். வேனில் பெரிய வகுப்புப் பையன்கள் அவனைப் போலவே பேசிக் காட்டுவார்களாம், டிபன் பாக்ஸைப் பிடுங்குவார்களாம். ஐந்து வாரம் முன்பு அவனைப் பள்ளிக் கழிவறையில் விட்டு வெளியே தாழ் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து பள்ளிக்குப் போகவில்லை. காலை ஆறு மணிக்கே வயிற்று வலி, வாந்தி. ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை. பதினொரு மணிக்கெல்லாம் சரியாகிவிடுகிறான். 'ரெண்டு போட்டா போயிடுவான்' என்கிறார் கணவர். மந்திரிக்க வேண்டும் என்கிறார் மாமியார். நான் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதினொரு மணிக்கு வலி நின்றுவிடுவதால் அது நடிப்பு ஆகிவிடாது. பயம் வந்தால் குடல் இறுகும், குமட்டும். 'இன்று போக வேண்டியதில்லை' என்று தெரிந்ததும் உடம்பு தளரும். வலி நிஜம்தான், காரணம்தான் வயிற்றில் இல்லை. அடித்தால், பயப்பட வேண்டிய இடங்களின் பட்டியலில் வீடும் சேர்ந்துகொள்ளும். பாட்டியின் ஆறுதலுக்குத் திருநீறு பூசிவிடட்டும், தவறில்லை. வேப்பிலை அடி மட்டும் வேண்டவே வேண்டாம்.

இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். தாழ் போட்டவர்கள் இன்னும் அதே வேனில்தான் வருகிறார்கள். அந்த நிலை மாறாமல் 'தைரியமா போ' என்று அனுப்பினால், தன்னைக் காப்பாற்ற யாருமில்லை என்றுதான் அவன் புரிந்துகொள்வான். அதனால் பள்ளியைப் பாதுகாப்பாக்குவது முதல் வேலை. பிள்ளையை அனுப்புவது அதற்குப் பிறகு.

அவனிடம் ஒரே மூச்சில் விசாரிக்காதீர்கள். நடந்ததை நாள், இடம், யார், யார் பார்த்தார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கேலி வந்திருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தலைமையாசிரியரிடம் வாய்மொழியாகச் சொல்வதோடு நிறுத்தாமல் கடிதமாகக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். 'நடவடிக்கை எடுங்கள்' என்று பொதுவாக எழுதினால் காரியம் நகராது. கேட்க வேண்டியவை இவை: வேனில் ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கை, வேனிலும் இடைவேளையிலும் கண்காணிக்கும் ஒரு பெரியவர், வகுப்பு நடக்கும் நேரத்திலேயே கழிவறைக்குப் போக அனுமதி, பயம் வந்தால் நேரே போய் நிற்க அவனுக்குப் பிடித்த ஒரே ஒரு ஆசிரியர், வெள்ளிக்கிழமைதோறும் உங்களோடு பத்து நிமிடப் பேச்சு.

பல பள்ளிகள் இரு தரப்புப் பிள்ளைகளையும் அறைக்கு அழைத்து, 'சாரி சொல்லு, கை குலுக்கு' என்று முடித்துவிடும். இதற்குச் சம்மதிக்காதீர்கள். எல்லார் முன்னாலும் 'பரவாயில்லை' என்று சொல்ல உங்கள் மகன்தான் கட்டாயப்படுத்தப்படுவான். புகார் சொன்னவன் யார் என்பதும் ஊர்ஜிதமாகிவிடும், பிறகு தொல்லை கண்காணிப்பு இல்லாத மூலைக்கு நகரும். அந்தப் பையன்களையும் அவர்கள் பெற்றோரையும் பள்ளி தனியாக அழைத்துத்தான் பேச வேண்டும்.

பள்ளி அசையவில்லையென்றால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண்ணையும், பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணையும் அழைக்கலாம்.

ஏற்பாடுகள் உறுதியான பிறகு படிப்படியாக அனுப்புங்கள். ஒவ்வொரு படிக்கும் பயத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். 3, 4 சொல்லும் படியிலிருந்துதான் தொடங்க வேண்டும். உதாரணமாக, ஞாயிறு மாலை ஆளில்லாத பள்ளியைச் சுற்றி உங்களோடு ஒரு நடை. அடுத்து, பள்ளி விட்ட பிறகு வகுப்பறையில் அந்த ஆசிரியரோடு கால் மணி நேரம். பிறகு பள்ளி நேரத்தில் நூலகத்தில் ஒரு பீரியட். அதன்பின் பிடித்த பாடத்துக்கு மட்டும் வகுப்பு, பிறகு மதியம் வரை. மதிய உணவு இடைவேளையைக் கடைசிக்கு முந்தைய படியாகவும், வேனைக் கடைசிப் படியாகவும் வையுங்கள். அவனுக்குப் பயம் அதிகம் இருக்கும் நேரங்கள் அவைதாம். அதுவரை அப்பா வண்டியில் கொண்டுபோய் விடட்டும். ஒரு படியில் பயம் பாதியாகக் குறைந்த பிறகே அடுத்தது. 8, 9 என்று சொன்னால் அந்தப் படியை இரண்டாக உடையுங்கள்.

இதில் வழக்கமாகத் தவறுவது இரண்டு இடத்தில். முதலாவது, கேட் அருகே அழுகை உச்சத்தில் இருக்கும்போது வீட்டுக்குத் திருப்பிக் கூட்டி வருவது. பயம் ஏறும், ஒரு கட்டத்தில் தானாக இறங்கும். உச்சத்தில் திரும்பிவிட்டால், 'வீட்டுக்கு வந்ததால்தான் தப்பித்தேன்' என்று உடம்பு கற்றுக்கொள்ளும், மறுநாள் பயம் இன்னும் சீக்கிரம் வரும். அதனால் முதல் நாளே பேசி வையுங்கள்: அழுகை வந்தால் அலுவலக அறைப் பக்கம் இருபது நிமிடம் உட்காரலாம், தண்ணீர் குடிக்கலாம், அதன்பிறகு முடிவு செய்யலாம். இரண்டாவது தவறு நல்லெண்ணத்தில் வருவது. ஒரு மணி நேரம் நன்றாக இருந்தான் என்றதும், 'நல்லாத்தானே இருக்க, சாயங்காலம் வரைக்கும் இரேன்' என்பது. பேசியது ஒரு மணி நேரமென்றால் ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு வாக்கு தவறினால் பல வார உழைப்பு வீணாகும்.

மூச்சுப் பயிற்சி உதவும்: நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே, ஐந்து நிமிடம். இரவில் அமைதியாக இருக்கும்போது இரண்டு வாரம் பழகியிருக்க வேண்டும். கேட் முன்னால் முதல்முறையாகச் சொல்லிக் கொடுத்தால் எரிச்சல்தான் வரும். காலையில் ஒரு இட்லியோ அரை டம்ளர் கஞ்சியோ போதும், வற்புறுத்தி ஊட்டாதீர்கள். வீட்டில் இருக்கும் நாளிலும் பள்ளிக்கு எழும் நேரத்திலேயே எழட்டும். பள்ளி நேரத்தில் டிவி, போன் வேண்டாம். இது தண்டனை இல்லை என்பதைச் சொல்லிவிடுங்கள். விட்டுப்போன பாடத்தை ஒரு நண்பனின் நோட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுதட்டும்.

திங்கட்கிழமையும், விடுமுறை முடிந்த முதல் நாளும் சறுக்கும். அன்று ஒரு படி கீழே இறங்கித் தொடங்குங்கள்.

ஐந்து வாரம் ஆகிவிட்டதால் மருத்துவரையும் இப்போதே பாருங்கள். உங்கள் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அங்கே மனநலப் பிரிவில் காட்டுங்கள். திக்குதலுக்குப் பேச்சுப் பயிற்சி பற்றியும் அங்கேயே கேளுங்கள். 'செத்துடலாம் போலிருக்கு' என்ற வகையில் எதுவும் சொன்னால், அந்த எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. அவனைத் தனியே விடாதீர்கள், மாத்திரை, பூச்சிமருந்து எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

பள்ளியை மாற்றிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடாதா?
– ஒரு தந்தை, தஞ்சாவூர்

புகார் கொடுத்தும் பள்ளி எதுவும் செய்யவில்லையென்றால் மாற்றுங்கள், அது தோல்வி இல்லை. ஆனால் பயம் பிள்ளையோடு கூடவே வரும் என்பதால் புதுப் பள்ளியிலும் மேலே சொன்ன படிகள் தேவைப்படும். எட்டாம் வகுப்பு வரை, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். புதுப் பள்ளியில் நடந்ததை ஒரே ஒரு ஆசிரியரிடம் மட்டும், பிள்ளையின் சம்மதத்தோடு சொல்லுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு மகளுக்கு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். அடிமையாகிவிடுவாளோ?
– ஒரு தாய், மதுரை

ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ரலின் போன்ற, பதற்றத்தைக் குறைக்கும் மருந்துகள் என்றால் அவை போதை தருபவை அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரங்களில் படபடப்போ தூக்கமின்மையோ தன்னைக் காயப்படுத்தும் பேச்சோ கூடினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். நன்றாக இருக்கிறாள் என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவர்தான் மெல்லக் குறைப்பார். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை வேறு ரகம். அது பழக்கமாகிவிடும், கொடுக்கவே கூடாது.