தசைப் பலவீனத்துக்கு எலும்புப் பரிசோதனை எதற்கு?

வணக்கம். அப்பாவுக்குத் தோளிலும் தொடையிலும் பலவீனம், அறிக்கையில் விசிபி (VCP) மரபணுவில் 155-ஆவது இடத்தில் மாற்றம், டாக்டர் எழுதியதோ ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற, எலும்பு நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. மாற்றி எழுதிவிட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, விஷயம் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்.

விசிபி என்பது செல்லுக்குள் பழுதான புரதங்களைக் கழிக்க உதவும் புரதம். ஆறு பிரதிகள் சேர்ந்து ஒரு வளையமாக நிற்கும். 'இது கழிவு' என்று காட்ட யுபிக்விட்டின் என்ற சிறு அடையாளப் புரதம் ஒட்டப்பட்ட புரதத்தைச் சவ்விலிருந்தோ கூட்டமைப்பிலிருந்தோ பிடித்து இழுத்து, நடுத்துளை வழியே நூல் பிரிப்பதுபோலப் பிரித்துவிடும். வெட்டுவது இதன் வேலையல்ல. அது புரோட்டியசோம் என்ற, செல்லின் வெட்டும் இயந்திரத்தின் பாடு. இந்தப் புரதத்தின் 155-ஆவது அமினோ அமிலமான ஆர்ஜினின் போய் ஹிஸ்டிடின் என்ற வேறொன்று வருவதுதான் அடிக்கடி காணப்படும் மாற்றம். இந்த மரபணுவுக்கும் இந்தத் தசை நோய்க்குமான தொடர்பு 2004-இல் தெரியவந்தது.

இந்த நோய் தசையோடு நிற்பதில்லை. எலும்பு தாறுமாறாக வளர்ந்து பலவீனமாகும் பாஜெட் நோய் வரலாம், சிலருக்கு முன்மூளை மறதிநோயும் வரலாம். பாஜெட் இருந்தால் ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் அளவு ஏறும். தசைக்கு இன்னும் மருந்தில்லை. பாஜெட்டுக்கு பிஸ்பாஸ்போனேட் என்ற மருந்து இருக்கிறது. அதனால் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் உங்கள் விஷயம்: மாற்றம் உங்களுக்கும் வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு. ஒரே குடும்பத்தில் ஒருவருக்குத் தசை, இன்னொருவருக்கு எலும்பு என்று மாறி வரும், அப்பாவை வைத்து உங்களைக் கணிக்க முடியாது. நீங்கள் மரபணுப் பரிசோதனை செய்துகொள்வதற்கு முன் மரபியல் ஆலோசகரிடம் பேசிவிடுங்கள்.