கிலோமீட்டர் குறைவு, வயசு அதிகம்: வாங்கலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய சின்ன கார்களைப் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பத்து வருஷப் பழைய பெட்ரோல் கார் ஒன்று விலைக்கு வருகிறது. ஓடியது வெறும் 28,000 கிலோமீட்டர். வீட்டுப் பெரியவர் எப்போதாவது கடைக்குப் போய்வர மட்டும் எடுப்பாராம், மற்றபடி நிறுத்தியே வைத்திருந்தார்களாம். புதுசு மாதிரி இருக்கிறது. உடனே வாங்கிவிடலாமா?

பதில்: உடனே வேண்டாம். "ஓடவே இல்லை" என்று சொல்லி விற்கப்படும் காரைத்தான் நான் கூடுதலாகச் சோதிக்கச் சொல்வேன். காரில் பாதிப் பொருள்கள் ஓடித் தேய்பவை, மீதிப் பாதி சும்மா நின்றாலும் கெடுபவை.

முதலில் டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் டாட் (DOT) என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள்தான் அது தயாரான வாரமும் வருஷமும். 2316 என்றிருந்தால் 2016-ஆம் ஆண்டின் 23-வது வாரம். பட்டன் நிறைய இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம், ரப்பர் இறுகிப் பக்கங்களில் மெல்லிய வெடிப்பு விட்டிருந்தால் நான்கையும் மாற்றும் செலவு உங்கள் தலையில்தான். அடுத்தது பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் ஏற ஏற கொதிநிலை இறங்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். அதனால்தான் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள், கார் அதிகம் ஓடாவிட்டாலும்கூட.

எஞ்சினுக்குள் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பது உங்கள் காரில் டைமிங் பெல்ட்டா, செயினா என்று அவசியம் கேளுங்கள். பெல்ட் என்றால் அதற்குக் கிலோமீட்டர் கணக்கோடு வருஷக் கணக்கும் உண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். அந்தக் கணக்கு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், காரோடு வந்த கையேட்டில் இருக்கும். பத்து வருஷத்தில் ஒருமுறைகூட மாற்றவில்லை என்றால், வாங்கிய கையோடு மாற்றிவிட்டுத்தான் நான் நெடுஞ்சாலைக்கே எடுத்துப் போவேன். பல எஞ்சின்களில் ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அப்புறம் ஆகும் செலவு பல நேரம் காரின் விலையையே தொட்டுவிடும்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. கடைக்குப் போய்த் திரும்பும் ஓட்டத்தில் எஞ்சின் முழுசாகச் சூடாகவே ஆகாது, அதனால் உள்ளே சேரும் நீராவியும் எரியாத பெட்ரோலும் எஞ்சின் ஆயிலில் கலந்துகொண்டே போகும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அடிப்பக்கம் கறுப்பாகக் களிம்பு படிந்திருந்தால் வருஷக்கணக்கில் ஆயில் மாற்றவில்லை என்று அர்த்தம். மூடியில் மட்டும் லேசான பால் நிற நுரை இருந்தால் அது இந்தக் குட்டி ஓட்டங்களின் ஈரமாகவும் இருக்கலாம், ஆனால் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலும் அதே பால் நிறம் தெரிந்தால், எஞ்சினைக் குளிர வைக்கும் கூலன்ட் ஆயிலில் கலக்கிறது, அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

28,000 என்ற எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டியரிங் பளபளத்து, ஓட்டுநர் சீட் ஓரம் நைந்திருந்தால் மீட்டரில் யாரோ கை வைத்திருக்கலாம். சர்வீஸ் பதிவுகளில் தேதிக்குத் தேதி கிலோமீட்டர் எப்படி ஏறியிருக்கிறது என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். மாற்ற வேண்டியவற்றை உங்கள் மெக்கானிக்கிடம் பட்டியல் போடச் சொல்லி, அந்தத் தொகையைக் கேட்ட விலையில் கழித்துப் பேசுங்கள்.

கேள்வி: சிக்னலில் நின்றால் வெப்பமுள் மேலே ஏறுகிறது, வண்டி ஓட ஆரம்பித்தால் இறங்கிவிடுகிறது. ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: அவசரப்பட வேண்டாம், முதலில் ஃபேனைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும், நிற்கும்போது ஃபேன்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். மோட்டார், ரிலே, ஃபியூஸ், வெப்ப சென்சார் என்று நான்கையும் சோதிக்க அதிக நேரம் ஆகாது. இதற்கு நேர்மாறாக, வேகமாகப் போகும்போது முள் ஏறினால்தான் ரேடியேட்டர் அடைப்பு, கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று சந்தேகப்பட வேண்டும். எதுவானாலும் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். அடிக்கடி தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கிறீர்கள் என்றால், ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்து, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. எஞ்சின் போய்விட்டதா?

பதில்: இல்லை. பெரும்பாலும் வால்வு சீல் இறுகி, ராத்திரி முழுக்க ஆயில் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியிருக்கும். ஆயில் அளவை வாரம் ஒருமுறை பார்த்துக்கொண்டு ஓட்டலாம், வசதிப்படும்போது சீலை மாற்றலாம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் அது பிஸ்டன் ரிங் தேய்மானமாக இருக்கலாம், அது பெரிய வேலை.

கேள்வி: கிளட்ச் போகப்போகிறது என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: காலியான சாலையில் நான்காவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. மாற்றும்போது டிஸ்க், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள், ஏனென்றால் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான் இதில் பெரிது, ஒரு பேரிங்குக்காக அதை இரண்டு தடவை கொடுக்கக் கூடாது.

கேள்வி: பழைய காருக்கு வருஷத்துக்கு எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்?

பதில்: எல்லோருக்கும் பொருந்தும் தொகை கிடையாது, கணக்குப் போடும் முறைதான் உண்டு. காப்பீடு, வரி, எரிபொருள், வருஷ சர்வீஸ் இவை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மறந்துபோவது மெதுவாகத் தேய்பவை. டயர் 40,000 கிலோமீட்டர் வரும், நீங்கள் வருஷத்துக்கு 10,000 ஓட்டுவீர்கள் என்றால், நான்கு டயர் விலையில் கால் பங்கு இந்த வருஷச் செலவுதான், பணம் கையை விட்டுப் போகாவிட்டாலும். பேட்டரியை நான்கு வருஷமாகப் பிரியுங்கள். பிரேக் பேடு, கிளட்ச், ஷாக் அப்சார்பர், சஸ்பென்ஷன் புஷ் எல்லாவற்றையும் இப்படியே பிரித்து, வரும் தொகையை மாதாமாதம் தனியாகப் போட்டு வையுங்கள்.

இதுபோக, வாங்கிய முதல் ஆறு மாதத்துக்கு என்று ஒரு தொகை கட்டாயம் வேண்டும், முந்தைய உரிமையாளர் தள்ளிப்போட்ட வேலைகளெல்லாம் அப்போதுதான் வரிசையாக வெளியே வரும். கையிலிருக்கும் பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிட்டு டயர் மாற்ற வழியில்லாமல் நிற்கிறோம் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. கொஞ்சம் விலை குறைந்த காராகப் பார்த்து, மீதியை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி ஓட்டும்போது முன்பக்கம் டக் டக் என்று சத்தம். ஓட்டலாமா?

பதில்: பெரும்பாலும் ஆக்ஸில் முனையிலுள்ள சி.வி. ஜாயிண்ட், அதாவது சக்கரம் திரும்பினாலும் அதைச் சுழல வைக்கும் மூட்டு. அதை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போயிருக்கும். பக்கத்திலிருக்கும் மெக்கானிக் வரை போகலாம், வெளியூர் வேண்டாம். உறை கிழிந்தவுடனே கவனித்திருந்தால் உறையும் கிரீஸும் மட்டும் மாற்றினால் போதும், சத்தம் வந்துவிட்டால் ஜாயிண்டையே மாற்ற வேண்டும். மறுபக்க உறையையும் அதே நாளில் பார்த்துவிடச் சொல்லுங்கள்.