வாசகர் கேள்வி: உரிமைக்கு வேர் எது?

கேள்வி: மனித உரிமைகளுக்கு அடிப்படை எது? கடவுளா, இயற்கையா, அரசுகள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடா? வல்லரசுகளே மதிக்காத இவற்றுக்கு எதிர்காலம் உண்டா?
– வாசகர் ஒருவர், குடியாத்தம்.

பதில்: தாங்கள் கேட்ட கேள்வி 1948இலேயே ஐ.நா. சபையில் விவாதிக்கப்பட்டது. உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் விதியில், மனிதர் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர்கள் என்று சேர்க்குமாறு பிரேசில் கேட்டது; அது ஏற்கப்படவில்லை. வரைவில் இருந்த 'இயற்கையால்' என்ற சொல்லும் நீக்கப்பட்டது. மனிதர்க்கு வாய்த்தவையாக அவ்விதியில் எஞ்சியவை பகுத்தறிவும் மனச்சாட்சியும்தாம். உரிமைகளின் பட்டியலில் ஒன்றுபட்டவர்கள் அவற்றின் காரணத்தில் ஒன்றுபட மாட்டார்கள் என்பதை உணர்ந்தே அவ்வாறு செய்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 10 அன்று பிரகடனத்தை 48 நாடுகள் ஆதரித்தன, 8 நாடுகள் வாக்களிக்காமல் விலகி நின்றன, எதிர்த்தவர் எவருமில்லை. இதை மழுப்பல் என்பாரும் உண்டு. எனக்கு அது விவேகமாகவே படுகிறது.

அடிப்படை முடிவாகாத சட்டம் எப்படிக் கட்டுப்படுத்தும் என்பீர்களானால், நம் மாவட்டத்து வழக்கையே பாருங்கள். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற் போனதை உச்ச நீதிமன்றம் 1996இல் எடுத்துக்காட்டியது. நிலைத்த வளர்ச்சி (இயற்கையைக் கெடுக்காத வளர்ச்சி) என்ற கோட்பாடு வழக்காற்றுச் சர்வதேசச் சட்டத்தின், அதாவது நாடுகள் வழக்கத்தால் ஏற்றுக் கட்டுப்படும் சட்டத்தின், பகுதி ஆகிவிட்டது என்றும், அதன் கூறுகளைச் சட்ட அறிஞர்கள் இன்னும் அறுதியிடவில்லை என்றும் ஒரே மூச்சில் சொன்ன நீதிமன்றம், அதனடிப்படையில் வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் (நம் வேலூர் மாவட்டத்தின் அன்றைய பெயர்) உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. தொகை சிறிதுதான். ஆனால், தன் தொழிலால் கேடில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை கிணறு பாழான உழவர் மீது அல்ல, ஆலை உரிமையாளர் மீதே என்று அத்தீர்ப்பு கூறியதே, அது பெரிது.

எதிர்காலத்தைப் பற்றி எனக்குள்ள கவலை அடிப்படையைக் குறித்தது அன்று, உரிமைகளை நிறைவேற்றும் பொறுப்பாளியைக் குறித்தது. தூய்மையான சுற்றுச்சூழல் மனித உரிமையே என 2022 ஜூலையில் ஐ.நா. பொதுச்சபை 161 வாக்குகளுடன் தீர்மானித்தது. ஆயினும் அத்தீர்மானம் எந்த அரசையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. அதற்குப் பல் முளைப்பது அந்தந்த நாட்டு நீதிமன்றங்களிலும், மனுவோடு அங்கே செல்பவர்களாலுமே. தங்கள் ஊர்க் கவுண்டன்யா ஆறும் பாலாற்றில்தானே கலக்கிறது?