வாசகர் கேள்வி – பதில்: கார் வராத கால்வாய்க் கரையில் மிதிவண்டிப் பயணம்

கேள்வி: அக்டோபர் மாதம் மேரிலாண்டில் இருக்கும் மகள் வீட்டுக்குச் செல்கிறோம். எனக்கு வயது 61. தினமும் காலையில் சைக்கிள் ஓட்டும் பழக்கம் உண்டு. லாரிக்கும் பேருந்துக்கும் ஒதுங்கி ஒதுங்கியே ஓட்டிப் பழகியவன். வாஷிங்டனிலிருந்து கம்பர்லாந்து வரை ஆற்றங்கரையோரமாகக் கார் வராத மண்பாதை ஒன்று இருப்பதாக மருமகன் சொல்கிறார். அதை முழுவதும் ஓட்டிவிட என்னால் முடியுமா? எந்த முனையில் தொடங்குவது நல்லது?
– வாசகர், திருச்சி

பதில்: தாராளமாக முடியும். உங்கள் மருமகன் குறிப்பிடுவது செசபீக் – ஒஹாயோ கால்வாயின் கரைப்பாதை. வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதியில் தொடங்கி, போடோமாக் ஆற்றை ஒட்டியே 184.5 மைல், அதாவது ஏறத்தாழ 297 கிலோமீட்டர் சென்று கம்பர்லாந்தில் முடிகிறது. இவ்வளவு தூரத்துக்கும் மொத்த ஏற்றம் 605 அடிதான். நிலக்கரி ஏற்றிய படகுகளைக் கோவேறு கழுதைகள் கயிறு கட்டி இழுத்துச் சென்ற பாதை இது. கால்வாயில் நீர் சமமட்டமாக நிற்க வேண்டும் என்பதால் கரையும் சமமாகவே அமைந்தது. அந்த 605 அடி உயரத்தையும் 74 மதகு அறைகள் பங்கிட்டுக்கொண்டன. படகு உள்ளே வந்ததும் இருபுறக் கதவுகளையும் அடைத்து, நீரை ஏற்றியோ இறக்கியோ சராசரியாக எட்டு அடி உயர்த்தியோ தாழ்த்தியோ அனுப்புவார்கள். இன்றைக்கு மிதிவண்டியில் போகும்போதும், நெடுந்தூரம் சமதளமாக வந்த பாதை ஒரு கல் மதகை நெருங்கியதும் சில அடிகள் மட்டும் சரிந்து, மீண்டும் சமமாகிவிடுவதைக் காலே உணரும்.

கம்பர்லாந்திலிருந்து வாஷிங்டனை நோக்கி ஓட்டுவதே நல்லது என்பது என் கருத்து. சரிவு சாதகமாக இருக்கும் என்பது அதற்குச் சிறிய காரணம்தான். ஆம்டிராக் ரயிலில் மிதிவண்டியோடு கம்பர்லாந்து போய் இறங்கிவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு நாளும் மகள் வீட்டை நெருங்கிக்கொண்டே வருவீர்கள். உடல் ஒத்துழைக்காவிட்டால் இடையில் அழைத்துச் செல்ல வருபவர்களுக்கும் தூரம் குறைந்துகொண்டே வரும் என்பதே பெரிய காரணம். ரயிலில் உங்களுக்கு மட்டுமல்லாமல் மிதிவண்டிக்கும் முன்பதிவு தேவை.

நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு ஆறு நாட்கள் ஒதுக்குங்கள். தார்ச்சாலையில் இதைவிட அதிகம் ஓட்டுபவராக இருந்தாலும், சரளையிலும் மண்ணிலும் சக்கரம் தானாக உருளாது. மிதிப்பதை நிறுத்தியதும் வேகம் குறைந்துவிடும். தவிரவும், விரைந்து கடந்துவிடக் கூடாத இடங்கள் இங்கே நிறைய உண்டு. முதல் நாள் மாலையில் வரும் பாபா சுரங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றின் ஆறு மைல் வளைவுகளைத் தவிர்ப்பதற்காக மலையைக் குடைந்து, 1836 முதல் 1850 வரை விட்டுவிட்டு வேலை நடந்து, அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட செங்கற்களை உட்புறம் பதித்துக் கட்டியது அது. நீளம் 3,118 அடி. உள்ளே விளக்கு கிடையாது. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தே கடக்க வேண்டும். கையில் வைத்திருக்கும் விளக்கைப் பாதையோரக் கைப்பிடியின் மீது காட்டினால், படகுக் கயிறுகள் உராய்ந்து உராய்ந்து பதிந்த பள்ளங்கள் தெரியும். பல ஆண்டுகள் கழுதைகள் இழுத்த கயிற்றின் தடத்தை விரலால் தொட்டுப் பார்க்கக் கிடைக்கும் அந்த இடத்தில் கால் மணி நேரமாவது நில்லுங்கள்.

கேள்வி: கார்களின் நாடான அமெரிக்காவில், தலைநகருக்குள்ளிருந்தே தொடங்கும் ஒரு பாதையில் கார் இல்லாமல் போனது எப்படி?
– வாசகி, சேலம்

பதில்: அது தானாக நேர்ந்ததல்ல. அந்த இடத்தில் கார்களுக்காகவே ஒரு சாலை போடவிருந்தார்கள்.

1828 ஜூலை 4 அன்று ஜனாதிபதி ஜான் குயின்சி ஆடம்ஸ் மண் வெட்டித் தொடங்கிவைத்த கால்வாய் இது. அதே நாளில் பால்டிமோரில் பால்டிமோர் – ஒஹாயோ ரயில் பாதைக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. ரயில் 1842இல் கம்பர்லாந்தைத் தொட்டுவிட, கால்வாய் 1850இல்தான் போய்ச் சேர்ந்தது. திட்டமிட்டபடி மலையைத் தாண்டி மேற்கே செல்லவேயில்லை. 1924 வெள்ளத்துக்குப் பின் படகுகள் நின்றன. 1938இல் மத்திய அரசு கால்வாயை வாங்கியது. பின்னர் அதன் தடத்தில் வாகனச் சாலை அமைக்கும் யோசனை வலுப்பெற்று, வாஷிங்டன் போஸ்ட் நாளிதழும் 1954இல் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது.

உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அந்தப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதி, கால்வாய்க் கரை முழுவதையும் தம்முடன் நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுமாறு ஆசிரியரை அழைத்தார். அந்த மார்ச் மாதத்தில் கம்பர்லாந்திலிருந்து ஒரு பெருங்குழு புறப்பட்டது; முழுத் தூரத்தையும் நடந்து முடித்தவர்கள் டக்ளஸ் உட்பட ஒன்பது பேர். பத்திரிகை தன் நிலையை மாற்றிக்கொண்டது. சாலைத் திட்டமும் நாளடைவில் கைவிடப்பட்டது. கால்வாய் 1961இல் தேசிய நினைவிடமாகவும் 1971இல் தேசிய வரலாற்றுப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. பதினேழு ஆண்டுகள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்களால்தான் இன்று அங்கே ஹாரன் ஒலி இல்லாமல் 297 கிலோமீட்டர் ஓட்ட முடிகிறது.

கேள்வி: இதற்கென்று சரளைப் பாதைக்கான விலை உயர்ந்த ‘கிராவல்’ சைக்கிள் வாங்க வேண்டுமா? மழை பெய்தால் பாதை எப்படி இருக்கும்? இரவில் தங்க என்ன வழி?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: புதிய வண்டி தேவையில்லை. 38 முதல் 45 மில்லிமீட்டர் அகல டயர் பொருந்தும் எந்தச் சாதாரண ஹைப்ரிட் (தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான) சைக்கிளும் போதும். காற்றைக் கல்லாக அடைத்துவிடாமல் சற்றுக் குறைத்து வைத்தால் மரவேர்களின் அதிர்ச்சி கைக்கும் முதுகுக்கும் வராது. அக்டோபர் பிற்பகுதியில் உதிர்ந்த இலைகள் அந்த வேர்களை மூடிவிடும் என்பதால் வேகம் வேண்டாம். பூங்காவின் விதிப்படியே மணிக்கு 15 மைலுக்கு மேல் ஓட்டக்கூடாது. மணியும் கட்டாயம்.

மழைதான் இந்தப் பாதையின் உண்மையான சிரமம். சரளை பரப்பிச் சீரமைத்த பகுதிகள் சமாளித்துக்கொள்ளும். களிமண் பகுதிகளோ மரநிழலில் வெகு மெதுவாகவே காயும். டயரில் ஒட்டிவரும் சேறு மட்கார்டுக்குள் திணிந்து சக்கரத்தையே நிறுத்திவிடும். ஆகவே டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே நல்ல இடைவெளி இருக்கிறதா என்று புறப்படும் முன்பே பாருங்கள். ஹான்காக் ஊரை ஒட்டிய பகுதியில் மட்டும் பழைய ரயில் தடத்தில் போட்ட தார்ப்பாதை ஒன்று கால்வாய்க்கு இணையாகச் செல்கிறது. சேறு மிகுந்தால் தயங்காமல் அதற்கு மாறிவிடலாம்.

தங்குவதற்குச் சில மைல்களுக்கு ஒன்றாக, நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் மட்டுமான கூடார இடங்கள் உண்டு. கட்டணமில்லை, ஓரிடத்தில் ஓர் இரவு மட்டும். கழிப்பறையும் கை பம்பும் இருக்கும், ஆனால் குளிர்காலத்தில் பம்புகளை நிறுத்திவிடுவார்கள். கூடாரம் வேண்டாம் என்றால் ஹான்காக், வில்லியம்ஸ்போர்ட், ஹார்ப்பர்ஸ் ஃபெரி போன்ற ஊர்களில் விடுதி பார்த்துக்கொள்ளலாம். ஹார்ப்பர்ஸ் ஃபெரிக்குப் பாலம் ஏறப் படிக்கட்டில் வண்டியைத் தூக்க வேண்டும், பைகளைக் கழற்றிவிட்டுத் தூக்குங்கள். கம்பர்லாந்துக்கும் ஹான்காக்குக்கும் நடுவே கடைகள் மிகக் குறைவு. சைவ உணவு உண்பவர்கள் இரண்டு நாளுக்கானதைக் கையோடு கொண்டு செல்வது நல்லது. புல்லில் உட்கார்ந்து எழுந்தால் உடம்பில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொரு மாலையும் பாருங்கள். லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் அங்கே உண்டு.

கடைசி நாள் வார நாளாக அமையும்படி திட்டமிடுங்கள். வாஷிங்டனுக்கு அருகே, கிரேட் ஃபால்ஸ் அருவிப் பகுதியில் சனி, ஞாயிறுகளில் நடப்பவர்கள் கூட்டம் நிறைந்திருக்கும். அதற்கு முன்பே, வாஷிங்டன் முனையிலிருந்து எண்ணினால் 42ஆவது மைலில், மொனாக்கசி ஆற்றின் மேல் ஏழு வளைவுகளோடு நிற்கும் 1833ஆம் ஆண்டுத் தொட்டிப் பாலத்தைக் கடப்பீர்கள். ஆற்றுக்கு மேலே கால்வாயையே தூக்கிச் சென்ற கல் பாலம் அது. இறங்கி நின்று பார்க்காமல் போக வேண்டாம்.

கேள்வி: இதையே பிட்ஸ்பர்க் வரை நீட்டிக்கொள்ள முடியுமா?
– வாசகர், மதுரை

பதில்: முடியும். கம்பர்லாந்திலிருந்து பிட்ஸ்பர்க் வரை 150 மைலுக்குக் கிரேட் அலிகெனி பாதை என்ற பழைய ரயில் தடம் இருக்கிறது. 2013இல் முழுமை பெற்றது. பொடித்த சுண்ணாம்புக்கல் பரப்பியது என்பதால் மழைக்குப் பிறகும் விரைவில் காய்ந்துவிடும். 2,392 அடி உயர மலைமுகட்டைத் தாண்ட வேண்டியிருப்பதால், கம்பர்லாந்துப் பக்கமிருந்து ஏறினால் முதல் 24 மைலும் விடாத ஏற்றமாக இருக்கும். ஆகவே பிட்ஸ்பர்க்கில் தொடங்கி வாஷிங்டனில் முடியுங்கள். முகட்டுக்கு அருகிலுள்ள பிக் சாவேஜ் சுரங்கத்தைக் குளிர்காலத்தில் அடைத்துவிடுவதால், நவம்பர் நடுப்பகுதிக்குள் அதைக் கடந்துவிடும்படி நாள் குறித்துக்கொள்ளுங்கள்.