முதல் மழைக்கு முன்னால்: சாலைப் பராமரிப்பு கேள்வி-பதில்

செப்டம்பர் பிறந்தால் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பக்கம் வறண்ட குளிர்காலம் விலகி மழை தலைகாட்டும். தார்ச்சாலை பாரத்தைத் தாங்கும். அடியில் தண்ணீர் இறங்கிவிட்டால் தாங்காது. இந்த மாதக் கேள்விகள் எல்லாமே அதைச் சுற்றித்தான்.

கோயில் வளாகப் பாதையில் பென்சில் அகலத்துக்கு வெடிப்பு. மழை முடிந்ததும் அடைக்கலாமா? (சாட்ஸ்வொர்த்)

இப்போதே அடையுங்கள். குளிரில் தார் சுருங்கியிருப்பதால் வெடிப்பு நன்றாகத் திறந்திருக்கிறது, அடிமண்ணும் காய்ந்திருக்கிறது. 3 மி.மீ. வரை தார் எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார்) போதும். உங்களுடையதற்கு ரப்பர் கலந்த சூடான தார்தான் சரி. முளைத்த புல்லை வேரோடு எடுத்து, கம்ப்ரஸரால் புழுதியை ஊதித் தள்ளுங்கள். புழுதிமேல் ஊற்றிய தார் புழுதியோடுதான் ஒட்டும், சாலையோடு ஒட்டாது. முதலைத் தோல் மாதிரி வலைபோல் வெடித்து, ஈரத்தில் சேறு கக்கினால் அடித்தளம் கெட்டுவிட்டது. அங்கே வெட்டியெடுத்துப் புதிதாகப் போடுவதைத் தவிர வழியில்லை.

எங்கள் குடியிருப்பின் தனிப் பாதையில் குழிக்குப் பையில் விற்கும் தார்க்கலவையைக் கொட்டினோம். ஒரே மாதத்தில் பெயர்ந்துவிட்டது. ஏன்? (ஃபீனிக்ஸ்)

கொட்டியதுதான் தவறு. குழியின் ஓரம் சரிவாக இருந்தால் கலவைக்குப் பிடிமானம் இல்லை. டயர் அதை வெளியே தள்ளிவிடும். கெட்டியான தார் வரும்வரை ஓரத்தைச் சதுரமாக, செங்குத்தாக வெட்டுங்கள். ஈரமும் தளர்ந்த ஜல்லியும் போகட்டும். அடியிலும் பக்கங்களிலும் எமல்ஷனை மெல்லியதாகப் பூசுங்கள். பூசும்போது பழுப்பாக இருக்கும். கறுத்த பிறகுதான் கலவை போட வேண்டும். குளமாகத் தேங்கவிட்டால் ஒட்டு வழுக்கிக் கிளம்பும்.

5 செ.மீ.-க்கு மேல் ஆழமானால் இரண்டு அடுக்கு. ஒவ்வொன்றையும் ஓரத்திலிருந்து நடுவுக்கு இடியுங்கள். கடைசியில் சாலையைவிட அரை செ.மீ. உயர்ந்து நிற்கட்டும், வண்டி ஓட ஓடப் படியும். 40 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 5 செ.மீ. ஆழத்துக்கு 25 கிலோ பை ஒன்று ஏறக்குறைய சரியாக இருக்கும்.

இதே காலக்கணக்கு எங்களுக்கும் பொருந்துமா? (ரைலண்ட்ஸ், கேப் டவுன்)

பொருந்தாது. உங்களுக்கு மழை குளிர்காலத்தில். மழையில் அவசரமாகப் போட்ட ஒட்டுகளை, வெயில் நிலைத்ததும் வெட்டியெடுத்து நிரந்தரமாகப் போடுங்கள்.

கரும்பு லாரி ஓடும் மண்பாதை அலை அலையாகிவிட்டது. கிரேடர் (மண்ணைச் சீவிச் சமன் செய்யும் வண்டி) எப்போது விடலாம்? (டொங்காட்)

மண் காய்ந்திருக்கும்போது விடாதீர்கள். பிணைக்கும் நுண்மண் புழுதியாகப் பறந்து, கல் மட்டும் மிஞ்சும். முதல் லேசான மழைக்கு மறுநாள் விடுங்கள், இல்லையென்றால் டேங்கரால் நனையுங்கள். ஒரு பிடி மண்ணை இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலில் நீர் கசியக் கூடாது.

அலையின் முகட்டை மட்டும் சீவினால் சில வாரங்களில் அதே இடத்தில் திரும்ப எழும். பள்ளத்தின் அடிவரை வெட்டிக் கலந்து, பரப்பி, ரோலரால் இறுக்க வேண்டும். 5 மீட்டர் அகலப் பாதைக்கு நடு, ஓரத்தைவிட 10 முதல் 12 செ.மீ. உயர்ந்திருக்கட்டும். ஓரத்தில் கிரேடர் விட்டுப்போன மண்வரப்பைக் கட்டாயம் அகற்றுங்கள். அது நின்றால் மழைநீர் வெளியேறாமல் பாதையிலேயே ஓடி அரிக்கும். வடிகாலில் விழுந்த கரும்புத் தோகையையும் அதே நாளில் அள்ளிவிடுங்கள்.

மழையே இல்லை, சாலையோரம் ஈரமாகித் தாழ்கிறது. மண் போட்டு நிரப்பலாமா? (லெனேசியா)

வேண்டவே வேண்டாம். உங்கள் பகுதியில் நிலத்தடியில் டோலமைட் (நீரில் மெல்லக் கரைந்து பொந்து விழும்) பாறை உண்டு. குழாய் கசிந்தால் நீர் மேல்மண்ணைப் பாறைப் பொந்துகளுக்குள் இழுத்துச் சென்று, தரை திடீரென உள்வாங்கும். வண்டி போகாமல் தடுத்து, இன்றே நகராட்சிக்குச் சொல்லுங்கள். கசிவு அடைபட்டு, நிலத்தைச் சோதித்த பிறகுதான் சாலையில் கை வைக்கலாம்.