ஆஷ்ட்ரே யார் வீட்டில் இருக்கிறது? (கேள்வி பதில்)

கலிபோர்னியாவில் புகைப்பழக்கத்தை விட்டுவிட விரும்புகிறவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. அமெரிக்காவில் தன்பாலீர்ப்பாளர்களும் இருபாலீர்ப்பாளர்களும் மற்றவர்களைவிட அதிகம் புகைக்கிறார்கள் என்று போன வாரம் எழுதியதற்கு வந்த கேள்விகளில் சில இங்கே.

சேலத்துக்காரன்: அக்கா, இவங்களுக்கு இந்த சிகரெட் பழக்கம் பிறவியிலேயே வர்றதா?

இல்லை தம்பி. 2016 தேசியக் கணக்கெடுப்பில் எதிர்பாலீர்ப்பு உள்ள பெரியவர்களில் 15.3 சதவீதம் பேர் சிகரெட் பிடித்தார்கள், தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு உள்ளவர்களில் 20.5. அதுவே 2020இல் 12.3, 16.1 என்று இறங்கிவிட்டது. நாலே வருஷத்தில் இவ்வளவு இறங்குகிற ஒன்று ரத்தத்தில் ஊறியதாக இருக்குமா? வீட்டிலும் வேலையிலும் மறைத்து மறைத்து வாழ்கிற அழுத்தம் ஒன்று. ரொம்ப காலம் இவர்கள் கூட முடிந்த வெகுசில இடங்களில் ஒன்று பார்தான் என்பது இன்னொன்று. கலிபோர்னியா பார்களில் புகைக்கத் தடை வந்ததே 1998இல்தான்.

ராத்திரி ஷிப்ட்: கம்பெனிக்காரனே குறி வைத்தான்னு சொல்றாங்களே, கட்டுக்கதையா?

நிஜம். 1995இல் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் சிகரெட் நிறுவனம் சான் பிரான்சிஸ்கோவில் காஸ்ட்ரோ பகுதியின் தன்பாலீர்ப்பு ஆண்களையும், டெண்டர்லாயின் பகுதியில் வீடில்லாமல் தெருவில் கிடந்தவர்களையும் குறிவைத்து ஒரு விற்பனைத் திட்டம் போட்டது. பெயர் ‘ப்ராஜெக்ட் ஸ்கம்’. ஸ்கம் என்றால் தண்ணீர் மேல் படிகிற அழுக்கு, ஆளைத் திட்டவும் அதே சொல்தான். வாடிக்கையாளருக்கு அவர்கள் வைத்த மரியாதை அவ்வளவு!

பெயர் வேண்டாம்: நானும் என் பார்ட்னரும் (ரெண்டு பேரும் ஆண்கள்) புகைக்கிறோம். நான் மட்டும் விட்டால் நிற்குமா?

நிற்கலாம், ஆனால் கஷ்டம். மாசசூசெட்ஸில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் 12,067 பேரை 1971 முதல் 2003 வரை பின்தொடர்ந்த தரவில், கணவனோ மனைவியோ விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைந்தது தெரிந்தது. நண்பர் விட்டால் 36, கூடப் பிறந்தவர் விட்டால் 25. ஆக, ஒரே கூரைக்குக் கீழே இருப்பவருக்குத்தான் செல்வாக்கு ஜாஸ்தி. என்னிடம் வந்த ஒரு ஜோடி மூன்று தடவை விட்டு மூன்று தடவையும் தொடங்கினார்கள். விசாரித்தால், சமையலறை ஜன்னலோரம் உடைந்த காபி கப் ஒன்று, சாம்பலும் பாதி எரிந்த துண்டுகளுமாக அப்படியே இருந்திருக்கிறது, ‘விருந்தாளிக்காக’. அந்தக் கப்பைக் குப்பையில் போடுங்கள் என்பதுதான் நான் சொன்ன முதல் யோசனை. வீட்டுக்குள் யாரும் பிடிக்கக் கூடாது என்று விதி வைத்துவிட்டால், வெளியே போய்ப் பிடிக்கிறவருக்கும் எண்ணிக்கை தானாகக் குறையும்.

மல்லிகா: பெண்களில் யார் அதிகம்?

இருபாலீர்ப்புப் பெண்கள். எதிர்பாலீர்ப்பு உள்ளவர்களும் சேர்க்க மாட்டார்கள், தன்பாலீர்ப்பு உள்ளவர்களும் நம்ப மாட்டார்கள், அழுத்தம் இரண்டு பக்கமும்.

ஒரு அம்மா: பையன் தான் தன்பாலீர்ப்பாளன் என்ற உண்மையைப் போன வருஷம் எங்களிடம் சொன்னான். இப்போ சட்டையில் சிகரெட் வாசனை. இவர் பால்கனியில் தினமும் பிடிக்கிறவர். இவரே திட்டினால் கேட்பானா?

அவன் சொன்ன உண்மையையும் சிகரெட்டையும் ஒரே மூச்சில் பேசாதீர்கள் அம்மா, “இதெல்லாம் அந்த சகவாசத்தால் வந்தது” என்று ஒரு வார்த்தை விழுந்தால் அவன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வான், அப்புறம் எதையும் சொல்ல மாட்டான். அப்பா அம்மா புகைக்கிற வீட்டுப் பிள்ளைகள் தொடங்குவது சாதாரணமாகவே அதிகம், அதற்கு யாரை நேசிக்கிறான் என்பது காரணமே இல்லை. சார் முதலில் தன் பாக்கெட்டை மேஜையில் வைத்துவிட்டு, “நானும் விடப் பார்க்கிறேன், சேர்ந்து பார்க்கலாமா” என்று கேட்கட்டும். திட்டைவிட அது எடுபடும்.

சேலத்துக்காரன்: நிகோடின் சூயிங்கம் போட்டேன், விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம்!

பபிள்கம் மாதிரி மென்றிருப்பாய். மெதுவாக மெல்ல வேண்டும், சுருக்கென்று காரம் தெரிந்ததும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வை, காரம் போனதும் மறுபடி மெல்லு. இப்படியே அரை மணி நேரம். அதற்கு 15 நிமிஷம் முன்னாலிருந்து காபி, ஜூஸ் கிடையாது. எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட்டைப் பற்ற வைக்கிற ஆள் என்றால் 4 மில்லிகிராம், இல்லையென்றால் 2 போதும்.