ஸ்கூல் கவுன்சிலருக்கு ஆராய்ச்சி எதுக்கு? நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

பத்தொம்பது வருஷமா பள்ளிக்கூடத்துல கவுன்சிலரா இருக்கேன். நிறைய கேள்வி வந்திருக்கு, ஒரே மாதிரி இருந்ததை ஒண்ணா சேர்த்துட்டேன், கோச்சுக்காதீங்க.

அக்கா, நான் கவுன்சிலர்தானே, ஆராய்ச்சி எல்லாம் பிஎச்டி பண்றவங்க வேலை இல்லையா?

எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறோம், நானும் ஆறேழு வருஷம் அப்படித்தான் நினைச்சேன். ஆனா வேலை பாக்கறவங்களே தன் வேலையை ஆராயணும்ங்கறது ரொம்ப பழைய யோசனை. கர்ட் லெவின்ங்கற உளவியல் அறிஞர் 1946லயே செயல் ஆராய்ச்சி பத்தி எழுதிட்டாரு. திட்டம் போடு, செஞ்சு பாரு, என்ன ஆச்சுன்னு கவனி, மறுபடி திட்டத்தை மாத்து, அவ்ளோதான் அதோட சுத்து. அப்புறம் 1975ல லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ்ங்கற கல்வி அறிஞர், டீச்சரே ஆராய்ச்சியாளரா இருக்கணும்னு சொன்னாரு. யூனிவர்சிட்டிக்காரங்க கேக்கறது "இது பொதுவா உதவுமா"ன்னு. நம்ம கேக்கறது "இந்தப் பள்ளியில, இந்தப் பசங்களுக்கு, இப்ப என்ன நடக்குது"ன்னு. ரெண்டாவது கேள்விக்கு வெளியாள் வந்து பதில் சொல்ல முடியாது.

எனக்கு இது எப்படி புரிஞ்சதுன்னு சொல்றேன். டீச்சர்ஸ் பசங்களை அனுப்பறப்ப ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தருவாங்க இல்ல, "கோபம்", "அடங்க மாட்டேங்கறான்", அந்த மாதிரி. அதை எல்லாம் டிராயர்ல போட்டு வெச்சிருந்தேன், ஒருநாள் சாயந்திரம் டிராயர் மூட முடியலன்னு எல்லாத்தையும் தரையில கொட்டி பீரியட் வாரியா பிரிச்சு அடுக்கினேன், சும்மாதான். மொத்தம் 43 சீட்டு, அதுல 19 மத்தியான இடைவேளைக்கு அடுத்த பீரியட், அந்த 19ல 12 ஒரே வகுப்பு. போய்ப் பாத்தா அந்த வகுப்புக்கு அந்தப் பாடத்துக்கு நிரந்தர டீச்சரே இல்ல, தினம் யாரோ ஒருத்தர் சப்ஸ்டிட்யூஷனுக்கு வந்து உக்காந்துட்டுப் போறாங்க. நான் பன்னெண்டு பசங்களுக்கு கோபத்தை எப்படி அடக்கறதுன்னு சொல்லிக் கொடுத்துட்டு இருந்தேன், கோளாறு டைம்டேபிள்ல இருந்துச்சு. நினைச்சா இன்னிக்கும் வெக்கமா இருக்கு.

மேடம், தலைமைப்பண்புன்னு ட்ரெய்னிங்ல சொல்றாங்க, எனக்கு பதவியே கிடையாது. எச்.எம். சப்ஸ்டிட்யூஷன் பீரியட், எக்ஸாம் டியூட்டி எல்லாம் என் தலையிலதான் கட்டறாரு. நான் யாருக்குத் தலைமை?

நல்லா கேட்டீங்க. அமெரிக்க பள்ளி ஆலோசகர் சங்கம் 2003ல ஒரு மாதிரித் திட்டம் வெளியிட்டப்ப தலைமை, மாணவருக்காகப் பேசறது, கூட்டா வேலை செய்யறது, அமைப்பை மாத்தறதுன்னு நாலையும் ஒண்ணா வெச்சாங்க, அதுல பதவி பத்தின பேச்சே இல்ல. நான் சொன்ன சீட்டுக் கதையில தலைமை எங்கன்னா, அந்த 43 சீட்டை ஒரே தாள்ல கட்டம் போட்டு எச்.எம். கிட்ட காட்டினது, அங்கதான். எந்த டீச்சர் பேரும் சொல்லல, குறையும் சொல்லல, "சார், இதைக் கொஞ்சம் பாருங்க"ன்னு மட்டும் சொன்னேன். அவரே ரெண்டு நிமிஷம் பாத்துட்டு டைம்டேபிள் நோட்டை எடுத்தாரு.

உங்க விஷயத்துக்கு வருவோம். அதே சங்கம், கவுன்சிலரோட நேரத்துல 80 சதவீதம் மாணவர் சேவைக்கே போகணும், ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்தான் இருக்கணும்னு சொல்லுது. நம்மள்ல பல பேருக்கு அது கனவு, விடுங்க. ஆனா ரெண்டு வாரம், பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு கோடு போட்டு, என்ன பண்ணீங்கன்னு எழுதுங்க. "எனக்கு வேலை அதிகம்"னு போய் நின்னா எல்லாருக்கும்தான் அதிகம்னு பதில் வரும். "இந்த ரெண்டு வாரத்துல என்னைப் பாக்க வந்த ஒம்பது பேரை டியூட்டில இருந்ததால திருப்பி அனுப்பிட்டேன்"னு போய் நின்னா பேச்சே வேற. அப்பவும் ஒண்ணே ஒண்ணு கேளுங்க, ஒரு பீரியட், ஒரு டியூட்டி. மொத்தமா கேட்டா மொத்தமா இல்லம்பாங்க.

புதுசா சேர்ந்திருக்கேன் அக்கா, எதை அளக்கறதுன்னே தெரியல. எத்தனை பேர் வந்தாங்கன்னு எழுதி வெச்சா போதுமா?

போதாது தம்பி, ஆனா அதுல ஆரம்பிங்க. மூணு அடுக்கு இருக்குன்னு வெச்சுக்கோங்க. என்ன செஞ்சீங்க, எத்தனை பேருக்கு, எத்தனை தடவை, இது முதல் அடுக்கு. பசங்க என்ன கத்துக்கிட்டாங்க, என்ன நினைக்கிறாங்க, இது ரெண்டாவது. வாழ்க்கையில ஏதாவது மாறிச்சா, அட்டெண்டன்ஸ், மார்க், வகுப்பை விட்டு வெளிய அனுப்பறது, இது மூணாவது. நம்ம ஆண்டறிக்கை எல்லாம் முதல் அடுக்கோட நின்னுடும், "240 மாணவர்கள் பயன்பெற்றனர்"னு. வந்து உக்காந்தாங்க, சரி, பயன்பெற்றாங்கன்னு யாரு சொன்னா?

கேள்வித்தாள் எது நல்லது? நானே ஒண்ணு தயார் பண்ணிக்கலாமா?

வேணாம். ராபர்ட் குட்மேன்ங்கற மனநல டாக்டர் 1997ல கொண்டு வந்த எஸ்.டி.க்யூ. இருக்கு, பிள்ளையோட பலம், சிரமம் ரெண்டையும் கேக்கற தாள், 25 கேள்வி, அஞ்சு பிரிவு, டீச்சர், பெற்றோர், பிள்ளைன்னு தனித்தனி தாள். வாராவாரம் பாக்கணும்னா ஒய்.பி. கோர்னு ஒண்ணு, போன வாரம் பிள்ளை மனசு எப்படி இருந்துச்சுன்னு பிள்ளை கிட்டயே கேக்கும், பத்தே கேள்வி. நீங்களே மொழிபெயர்க்காதீங்க, ஏற்கனவே சரிபார்த்த மொழிபெயர்ப்பு இருந்தா அதை எடுங்க. ஸ்கோர் கூடினா நோய்னு அர்த்தம் இல்ல, இன்னும் உக்காந்து பேசணும்னு அர்த்தம்.

இதை மட்டும் நல்லா மனசுல வெச்சுக்கோங்க. அந்தப் பத்துல ஒரு கேள்வி, தன்னைத்தானே காயப்படுத்திக்கற எண்ணம் வந்துச்சான்னு கேக்கும். தாளை வாங்கி ஃபைல்ல போட்டுட்டு வாரக் கடைசியில கூட்டிப் பாக்கறேன்னு இருக்கக் கூடாது. பிள்ளை ரூமை விட்டுப் போறதுக்கு முன்னாடி அந்த வரியைப் பாத்துடணும். அந்த வரியில பூஜ்யம் தவிர வேற என்ன இருந்தாலும் அன்னிக்கே உக்கார வெச்சுப் பேசி, உங்க பள்ளியில பாதுகாப்புக்குப் பொறுப்பானவங்க கிட்ட சொல்லியாகணும். ஆராய்ச்சி எல்லாம் அப்புறம்.

குரூப் கவுன்சலிங் நடத்தினேன், முன்னாடி இருந்ததை விட எல்லாருக்கும் ஸ்கோர் நல்லா இருக்கு. வெற்றின்னு ஸ்டாஃப் மீட்டிங்ல சொல்லிடலாமா மேடம்?

பொறுங்க, நான் பட்ட அசிங்கத்தைக் கேட்டுட்டுப் போய் சொல்லுங்க. தினம் லேட்டா வர 11 பேரை எடுத்து ஆறு வாரம் குரூப் நடத்தினேன். லேட் பாதியா குறைஞ்சுது. சார்ட் எல்லாம் கலர் கலரா போட்டு மீட்டிங்ல காட்டினேன், எல்லாரும் கை தட்டினாங்க, பின்னாடி உக்காந்திருந்த மேத்ஸ் டீச்சர் மட்டும் மெதுவா "குரூப்ல இல்லாத பசங்க எப்படிம்மா"ன்னு கேட்டாங்க. ரெஜிஸ்டரை எடுத்துப் பாத்தா அவங்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குறைஞ்சிருக்கு, ஏன்னா அந்த மாசம் பஸ் நேரத்தை மாத்திட்டாங்க.

பஸ் மாறலன்னாலும் இன்னொரு பொறி இருக்கு. ரொம்ப மோசமா இருக்கறப்ப பாத்து ஆளை எடுத்தா, அடுத்த தடவை அளக்கறப்ப தானா கொஞ்சம் சராசரி பக்கம் வந்துடுவாங்க. கால்டன்ங்கற புள்ளியியல் அறிஞர் 1886லயே பெற்றோர் உயரம், பிள்ளைங்க உயரம் வெச்சு இதைக் காட்டிட்டாரு. அதனால ஒப்பிட ஒரு கூட்டம் வேணும். எல்லாருக்கும் ஒரே நேரத்துல நடத்த முடியாதுதானே, அப்ப ரெண்டாவது பேட்ச்ல வரப்போறவங்களை இப்பவே அளந்து வெச்சுக்கோங்க, யாரையும் விட்டுட்ட பாவமும் இல்ல. ஆனா உடனே உதவி வேணும்ங்கற பிள்ளையை எண்ணிக்கைக்காக காக்க வெக்கக் கூடாது.

பெரிய அளவுல பண்றவங்களுக்கே முடிவு அடக்கமாத்தான் வருது. லண்டன்ல 18 பள்ளியில 329 பேரை வெச்சு, பத்து வாரம் வரைக்கும் பள்ளிக் கவுன்சலிங் கொடுத்துப் பாத்த ஒரு ஆய்வு 2021ல வந்துச்சு. பலன் இருந்துச்சு, ஆனா சின்னதுதான், செலவும் கூடிச்சு. நம்ம பதினோரு பேர் குரூப்ல அற்புதம் நடந்திருந்தா முதல்ல நம்ம கணக்கை சந்தேகப்படணும்.

பெற்றோர் அனுமதி ஏற்கனவே கவுன்சலிங்குக்கு வாங்கிட்டோம், அதுவே ஆராய்ச்சிக்கும் போதுமா?

போதாது. ரெண்டும் தனித்தனி. பெற்றோர் கையெழுத்து போட்டாலும் பிள்ளை கிட்ட தனியா கேக்கணும், "வேணாம்னு சொன்னாலும் நான் உன்கிட்ட இப்படியேதான் பேசுவேன்"னு சொல்லிட்டு. நம்மளை அவங்களுக்குப் பிடிக்கும், அதனாலயே மறுக்க மாட்டாங்க, அதுதான் சிக்கல். எழுதறப்ப பேரை எடுத்துட்டா போதும்னு நினைக்காதீங்க, "ஒம்பதாவது படிக்கற, அப்பா இல்லாத, கால்பந்து ஆடற பையன்"னா ஸ்டாஃப் ரூம் மொத்தத்துக்கும் யாருன்னு தெரியும். அஞ்சு பேருக்குக் கம்மியா இருக்கற கட்டத்துல நான் எண்ணே போடறதில்ல.

டீச்சர்ஸ் ஒத்துழைக்க மாட்டேங்கறாங்க அக்கா. ஃபாரம் கொடுத்தா திரும்பி வராது.

ஃபாரத்தை பாதியா வெட்டுங்க, இது முதல் வேலை. போன தடவை கொடுத்ததுக்கு என்ன ஆச்சுன்னு திரும்பிப் போய் சொன்னீங்களா? நான் சொன்னதில்ல ரொம்ப நாளா. அந்த மேத்ஸ் டீச்சரை அடுத்த வருஷம் கணக்கு பாக்க என்கூட சேத்துக்கிட்டேன். இப்ப மத்தவங்க கிட்ட ஃபாரம் வசூல் பண்றதே அவங்கதான், எனக்கும் சேத்து திட்டுவாங்க.

இதுக்கெல்லாம் நேரம் எங்க மேடம் இருக்கு?

வெள்ளிக்கிழமை கடைசி அரை மணி நேரம். கதவுல ஒரு அட்டை தொங்க விட்டிருக்கேன், "அவசரம்னா தட்டு"ன்னு. அந்த வாரத்து சீட்டை எல்லாம் எண்ணி நோட்டுல ஏத்திட்டு, கீழ ஒரே ஒரு வரி, இந்த வாரம் எது எனக்குப் புரியலன்னு. பாதி வெள்ளிக்கிழமை யாராவது தட்டிடுவாங்க, அன்னிக்கு நோட்டு காலியாத்தான் இருக்கும்.